ரயிலில் பேசியவரும் பேசாதவரும்

1896ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29ஆம் நாள். மதுரையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் ரயிலில் பதினாறு வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் ஏறி அமர்ந்தான். அவன் கையில் திண்டிவனத்துக்கு ஒரு பயணச்சீட்டு இருந்தது. அதன் விலை இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. ஆனால் அவன் போக விரும்பிய ஊர் திருவண்ணாமலை! வீட்டாருக்குத் தெரியாமல் கிளம்பியவன் யாரிடம் வழி கேட்பான்? பழைய நிலப்படம் ஒன்றைப் பார்த்து, திருவண்ணாமலைக்கு அருகில் உள்ள ரயில் நிலையம் திண்டிவனம்தான் என்று அவனே முடிவு செய்துகொண்டான்.

பெட்டியில் வெண்தாடியுடன் மௌல்வி ஒருவர் இருந்தார். ஞானிகளின் வாழ்க்கையைப் பற்றி மற்றப் பயணிகளுடன் பேசிக்கொண்டே வந்தார். மாணவன் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. தன் நினைவில் மூழ்கியிருந்தான். சற்று நேரம் கழித்து மௌல்வி அவன் பக்கம் திரும்பி, எங்கே போகிறாய் என்று தாமாகவே விசாரித்தார். அந்த ஒரு கேள்வியால் மாணவனுடைய பயணமே மாறியது. திண்டிவனம் வரை போக வேண்டியதில்லை, விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறினால் திருவண்ணாமலைக்கே ரயிலில் போகலாம் என்று அவர் சொன்னார். அந்தப் பாதை, மாணவன் பார்த்த பழைய படத்தில் இல்லை.

மறுநாள் விடியற்காலை சுமார் மூன்று மணிக்கு மாணவன் விழுப்புரத்தில் இறங்கினான். மீதிப் பயணத்துக்குக் கையில் போதிய காசு இல்லை. நடந்தே போய்விடலாம் என்று எண்ணி, பொழுது விடிந்ததும் ஊருக்குள் சென்று பாதையைத் தேடினான். ஆனால் எவரிடமும் வழி கேட்க அவனுக்கு மனம் வரவில்லை. பசி மேலிட்டு உணவு விடுதி ஒன்றுக்குப் போனான். தன்னிடம் இருப்பது இரண்டரை அணா என்று அவன் சொல்லவே, விடுதிக்காரர் காசு வாங்காமலே சோறு போட்டார். அந்தக் காசில் மாம்பழப்பட்டு வரை ரயிலில் போய், அதன் பிறகு நடந்து, இடையில் காதுக் கடுக்கனை அடகு வைத்து, செப்டம்பர் முதல் நாள் அவன் திருவண்ணாமலையை அடைந்தான். வேங்கடராமன் என்னும் அந்த மாணவரைத்தான் உலகம் பின்னாளில் ரமண மகரிஷி என்று அறிந்தது.

மாணவர்களே! ஆன்மிக வரலாற்றில் புகழ்பெற்ற இந்தப் பயணத்தை நாம் இங்கே எடுத்துக்கொண்டது வேறொரு காரணத்துக்காக. ஒரே பெட்டியில் அமர்ந்திருந்த இருவரில் ஒருவர் முன்பின் தெரியாதவர்களிடம் எளிதாகப் பேசுகிறார். மற்றவர் வழி தெரியாத ஊரிலும் வாய் திறக்கத் தயங்குகிறார். இந்த வேறுபாடு எதனால் வருகிறது? உளவியல் என்னும் அறிவியல் இதைப் பற்றி என்ன சொல்கிறது?

சொல்லின் பொருள்

முதலாமவரைப் போன்றவரைப் 'புறமுகர்' என்றும், இரண்டாமவரைப் போன்றவரை 'அகமுகர்' என்றும் கூறுகிறோம். புறம் என்றால் வெளி. அகம் என்றால் உள்ளம். மனம் எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கிறது என்பதே இச்சொற்களின் பொருள். ஆங்கிலத்தில் வழங்கும் 'எக்ஸ்ட்ரோவெர்ட்' என்ற சொல்லும் 'வெளியே திரும்பியவர்' என்றே பொருள்படும் இலத்தீன் வேர்களிலிருந்து வந்தது.

இச்சொற்களை உலகெங்கும் பரப்பியவர் சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் கார்ல் யுங். 1921ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'உளவியல் வகைகள்' என்ற நூலில் இக்கருத்தை விரிவாக எழுதினார். புறமுகருடைய மன ஆற்றல் வெளியுலகில் உள்ள மனிதர்களையும் பொருள்களையும் நோக்கிப் பாய்கிறது. அகமுகருடைய மன ஆற்றல் தம் எண்ணங்களை நோக்கித் திரும்புகிறது என்பது அவர் கொள்கை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த இரண்டு வகையிலும் தெளிவாகச் சேராமல் நடுவில் நிற்பவர்களே மிகுதி என்றும் யுங் எழுதியிருக்கிறார். அவர் பெயரைச் சொல்லி மனிதர்களை இரண்டு கட்சிகளாகப் பிரிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இந்த யுங்கே 1937ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்தார். அப்போது ரமணர் திருவண்ணாமலையில் வாழ்ந்துகொண்டிருந்தார். ஆயினும் யுங் அவரைச் சந்திக்கவில்லை. பிறகு 1944ஆம் ஆண்டில், ரமணரைப் பற்றி ஹைன்ரிக் சிம்மர் என்ற ஜெர்மானிய அறிஞர் எழுதிய நூல் வெளிவந்தபோது, அதற்கு முன்னுரை எழுதியவர் யுங்தான். தாம் போய்ப் பார்க்காததையும் அதில் அவரே குறிப்பிட்டார்.

பெட்டிகளா, அளவுகோலா?

யுங் தம்மிடம் வந்தவர்களைக் கூர்ந்து கவனித்து எழுதினார். ஆனால் அறிவியலுக்குக் கவனிப்பு மட்டும் போதாது, அளவும் வேண்டும். அந்த வேலையைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர், ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஹான்ஸ் ஐசென்க். 1947ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஆளுமையின் பரிமாணங்கள்' என்ற நூலில், புறமுகத்தன்மையை ஓர் அளவுகோலாக அவர் அமைத்தார். 'விருந்துக்குப் போனால் எல்லோருடனும் கலந்து பழகுவீர்களா?', 'யோசிக்காமல் சட்டென்று செயலில் இறங்குவீர்களா?' என்பன போன்ற கேள்விகளுக்கு விடை வாங்கி, அவற்றுக்கு மதிப்பெண் இடுவது இம்முறையாகும்.

இப்படிப் பலரை அளந்து பார்த்தால் என்ன தெரிகிறது? விழுப்புரம் சந்திப்பிலிருந்து திண்டிவனம் செல்லும் ரயிலில் ஒரு பெட்டி முழுவதும் பயணிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொலைவு ஏறத்தாழ 37 கிலோமீட்டர்தான். அதற்குள்ளேயே பக்கத்தில் இருப்பவரின் ஊர், உறவு, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிடுவோர் ஒரு சிலர் இருப்பார்கள். ஏறியது முதல் இறங்கும் வரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வருவோரும் ஒரு சிலர் இருப்பார்கள். மற்ற எல்லோரும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருப்பார்கள். கேட்டால் பதில் சொல்வார்கள். பேச்சு பிடித்திருந்தால் தொடர்வார்கள். இல்லாவிட்டால் செய்தித்தாளை விரிப்பார்கள்.

உங்கள் வகுப்பில் உள்ளவர்களின் உயரத்தை அளந்தாலும் இப்படித்தான் வரும். மிக உயரமானவர் சிலர், மிகக் குட்டையானவர் சிலர், நடுத்தர உயரத்தினர் பலர். வரைபடமாகத் தீட்டினால் அது கோயில் மணியைக் கவிழ்த்து வைத்தது போல் நடுவில் மேடாக இருக்கும். உயரத்தைக் கொண்டு மனிதர்களை 'நெட்டையர்', 'குட்டையர்' என்று இரண்டே பெட்டிகளில் அடைக்க முடியாது அல்லவா? புறமுகத்தன்மையும் அப்படியே. அது எல்லோரிடமும் உள்ள ஒரு பண்பு. அளவில்தான் கூடுதல் குறைவு.

இன்றைய உளவியலாளர்கள் மனித ஆளுமையை விளக்க ஐந்து பெரும் பண்புகளைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றுள் புறமுகத்தன்மை ஒன்று. பால் கோஸ்டா, ராபர்ட் மெக்ரே என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இப்பண்பை ஆறு கூறுகளாகப் பிரித்தனர். அன்பு பாராட்டிப் பழகுதல், கூட்டத்தை விரும்புதல், தம் கருத்தை முன்வைத்து வலியுறுத்துதல், சுறுசுறுப்பு, பரபரப்பான அனுபவங்களை நாடுதல், எளிதில் மகிழ்ச்சி கொள்ளுதல் என்பன அவை. ஆகவே வாய் ஓயாமல் பேசுவது மட்டுமே புறமுகத்தன்மை ஆகாது. ஒருவர் கூட்டத்தை விரும்பாமலிருந்தும், நியாயம் என்று பட்டதை எழுந்து நின்று சொல்லக்கூடியவராக இருக்கலாம்.

ஓசையும் மூளையும்

உங்களில் சிலர் வானொலியைப் பாடவிட்டுக்கொண்டே கணக்குப் போடுவீர்கள். சிலருக்கு அடுத்த அறையில் யாராவது இருமினாலே படிப்பு ஓடாது. இதற்கு ஐசென்க் 1967ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் கூறினார். மூளையின் விழிப்பு நிலை எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. அகமுகருக்கு அது இயல்பாகவே சற்று மேலே இருக்கிறது. அதனால் வெளியிலிருந்து வரும் தூண்டுதல் சிறிதளவே போதும், மிகுந்தால் களைப்பு. புறமுகருக்கு அது சற்றுக் கீழே இருக்கிறது. அதனால் அவர் ஓசை, கூட்டம், புதுமை ஆகியவற்றைத் தேடிப் போகிறார் என்பது அவர் கருதுகோள்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்றையும் ஆய்வாளர்கள் கையாண்டனர். நாக்கில் சில துளி எலுமிச்சைச் சாற்றை விட்டு, எவ்வளவு உமிழ்நீர் சுரக்கிறது என்று அளந்தார்கள். அகமுகருக்கு உமிழ்நீர் கூடுதலாகச் சுரந்தது! ஒரே துளி புளிப்புக்கு இவர்கள் உடல் வலுவாக எதிர்வினை காட்டுகிறது என்று இதற்குப் பொருள் கொண்டார்கள். பிற்காலத்தில் செய்த இத்தகைய சோதனைகள் எல்லாவற்றிலும் முடிவு ஒன்றுபோல் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

1984ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் ஜீன் வெளியிட்ட ஆய்வு மாணவர்களாகிய உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது. பாடம் கற்கும்போது காதில் விழும் ஓசையின் அளவைத் தாங்களே தேர்ந்தெடுக்குமாறு அவர் சிலரிடம் கூறினார். புறமுகர் உரத்த ஓசையையும், அகமுகர் மெல்லிய ஓசையையும் தேர்ந்தெடுத்தனர். அவரவர் விரும்பிய ஓசையில் இரு சாராரும் ஒன்றுபோல் நன்றாகவே கற்றார்கள். ஓசையை மாற்றிக் கொடுத்தபோது இரு சாராருக்குமே கற்றல் குறைந்தது. ஆகவே, விடுதி அறையில் உங்கள் நண்பர் அமைதி கேட்டால் அது வீம்பு அன்று. உங்களுக்கு நிசப்தத்தில் தூக்கம் வந்தால் அது சோம்பலும் அன்று.

விழிப்பு நிலை ஒன்றே முழு விளக்கம் என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுவதில்லை. பாராட்டு, வெற்றி, புதிய நட்பு போன்ற நற்பலன்கள் கிடைக்கும் என்ற குறிப்பைக் கண்டவுடன் மூளை எவ்வளவு ஆர்வம் கொள்கிறது என்பதும் முக்கியம் என்கிறார்கள். மூளையில் 'டோபமைன்' என்ற வேதிப்பொருள் இந்த ஆர்வத்தோடு தொடர்புடையது. புறமுகத்தன்மை மிகுந்தவர்களிடம் இந்த அமைப்பு விரைவாகத் தூண்டப்படுகிறது என்ற கருத்து ஆராயப்பட்டு வருகிறது.

பிறவியா, பழக்கமா?

'அவன் அப்பாவைப் போலவே கலகலப்பானவன்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று அறிய இரட்டையர்களை ஆராய்வது வழக்கம். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்கள், இரு கருக்களாகத் தோன்றிய இரட்டையர்களைவிட இப்பண்பில் ஒருவரையொருவர் அதிகம் ஒத்திருக்கிறார்கள். இத்தகைய ஆய்வுகளின்படி, மக்களிடையே இப்பண்பில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபணுக்களோடு தொடர்புடையது. மீதி, வாழ்க்கையில் நேரும் பல்வேறு அனுபவங்களால் வருகிறது. இதைக் கொண்டு, 'என் குணத்தில் பாதி அப்பா கொடுத்தது' என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். பெருந்திரளான மக்களுக்கான கணக்கு இது; தனி ஒருவரைப் பிரித்துக் காட்டாது.

கூச்சம் வேறு, அகமுகம் வேறு

பலரும் செய்யும் பெரிய பிழை, அகமுகத்தன்மையையும் கூச்சத்தையும் ஒன்றாக எண்ணுவது. தனியே இருப்பதை விரும்பித் தனியே இருப்பவர் அகமுகர். மற்றவர்களுடன் சேர விரும்பியும், சிரிப்பார்களோ, தப்பாக நினைப்பார்களோ என்று அஞ்சி ஒதுங்குபவர் கூச்சம் உள்ளவர். முன்னவரிடம் அச்சம் இல்லை. மாற்ற வேண்டியதும் ஒன்றும் இல்லை. பின்னவருக்குத் தேவை துணையும் பழக்கமும். சிறு குழுவில் பேசி, பிறகு வகுப்பில் பேசி, அதன் பிறகு மேடை ஏறினால் கூச்சம் படிப்படியாகக் குறையும். 'ஏன் உம்மென்று இருக்கிறாய்?' என்று பலர் முன்னால் கேட்டால் கூச்சம் கூடத்தான் செய்யும்.

ஒரு பயணத்தை வைத்து ஒருவரை அளக்கலாமா?

இப்போது 1896ஆம் ஆண்டு ரயில் பெட்டிக்குத் திரும்புவோம். அந்த மாணவர் அகமுகர் என்று எழுதி முடித்துவிடலாமா? சற்றுப் பொறுங்கள். மதுரையில் அவரோடு பழகிய நண்பர்கள் அறிந்த வேங்கடராமன் கால்பந்து ஆடியவர், மல்யுத்தம் செய்தவர், நண்பர்களோடு நீந்தி விளையாடியவர். பயணத்துக்குச் சுமார் ஆறு வாரங்களுக்கு முன், தாம் இறந்துகொண்டிருப்பதாக ஓர் அச்சம் திடீரென்று அவரைப் பிடித்தது. அதைத் தொடர்ந்து வந்த ஆழ்ந்த அனுபவத்துக்குப் பிறகே விளையாட்டிலும் படிப்பிலும் நாட்டம் விட்டுத் தனியே அமரத் தொடங்கினார். மௌல்வி பார்த்தது ஒரு மனிதரின் சில மணி நேரத்தை மட்டுமே. திருவண்ணாமலைக்கு வந்த பின் தொடக்கத்தில் நீண்ட காலம் பேசாதிருந்த அவரே, பிற்காலத்தில் பலதரப்பட்ட மக்கள் வந்து அமரும் கூடத்தில் இருந்தார். ஆசிரமச் சமையலறையில் மற்றவர்களோடு காய்கறி நறுக்கினார். அவர் எவருடைய கேள்வித்தாளுக்கும் விடை எழுதியதில்லை. எனவே அவருக்கு மதிப்பெண் இட நமக்கு உரிமையும் இல்லை, வழியும் இல்லை.

இந்த எச்சரிக்கைக்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஃபிளீசன் 2001ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதில் கல்லூரி மாணவர்கள் ஏறத்தாழ இரண்டு வாரங்கள், நாள்தோறும் பல முறை, அந்த நேரத்தில் தாங்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று குறித்து வந்தார்கள். முடிவு வியப்பானது. ஒரே மாணவர் காலையில் கலகலப்பாகவும் மாலையில் ஒதுங்கியும் இருந்தார். ஒருவரிடமே காணும் ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாக இருந்தது. ஆனால் ஒரு வாரத்தின் சராசரியும் அடுத்த வாரத்தின் சராசரியும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. ஒரு நாள் மழை பெய்ததைப் பார்த்து ஓர் ஊரின் தட்பவெப்பத்தைச் சொல்ல முடியாது. பல ஆண்டுகளின் சராசரி வேண்டும். நடத்தை, அன்றைய வானிலை. பண்பு, ஊரின் தட்பவெப்பம்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு பழைய நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும்.

1. ஏழு நாள்களுக்குக் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் குறியுங்கள். அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் மற்றவர்களுடன் எவ்வளவு பேசிக் கலந்து பழகினீர்கள் என்பதற்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் இடுங்கள். சற்றும் இல்லை என்றால் 1. மிக அதிகம் என்றால் 7.

2. அப்போது எங்கே, யாருடன் இருந்தீர்கள் என்பதையும் ஒரு சொல்லில் எழுதுங்கள்.

3. வார இறுதியில் 21 எண்களையும் கூட்டி 21ஆல் வகுத்தால் சராசரி கிடைக்கும். மிகக் குறைந்த எண்ணையும் மிகக் கூடிய எண்ணையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

4. அடுத்த வாரமும் இதைச் செய்து இரண்டு சராசரிகளையும் ஒப்பிடுங்கள்.

பெரும்பாலோருக்கு 2ம் வரும், 6ம் வரும். எந்த இடத்தில் 6 வந்தது, எந்த இடத்தில் 2 வந்தது என்று பாருங்கள். வகுப்பில் வாய் திறக்காதவர் பந்தாட்டத் திடலில் குரல் கொடுப்பார். திண்ணையில் கதை சொல்பவர் புதியவர் வந்தால் அடங்கிவிடுவார். இது உங்களை நீங்கள் கவனிக்க ஒரு பயிற்சி. நண்பர் ஒருவருக்குப் பட்டம் சூட்ட இதைப் பயன்படுத்தாதீர்கள்.

எது சிறந்தது?

'பேசத் தெரிந்த பிள்ளை பிழைத்துக்கொள்ளும்' என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. விற்பனைத் தொழிலாவது புறமுகருக்கே உரியது என்று எல்லோரும் எண்ணுவார்கள். ஆடம் கிராண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் தொலைபேசி மூலம் விற்பனை செய்யும் 340 பேரை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். மிகுதியாக விற்றவர்கள் மிகுந்த புறமுகர் அல்லர். மிகுந்த அகமுகரும் அல்லர். நடுவில் இருந்தவர்களே முந்தினார்கள். பேசவும் வேண்டும், எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்கவும் வேண்டும் என்பதே காரணம் என்று அவர் கருதினார்.

பள்ளிகளில் 'வாயாடி' என்றும் 'ஊமை' என்றும் பட்டம் சூட்டிவிடுகிறோம். பட்டம் பெற்ற மாணவர், 'நான் பேசுகிறவன், எனக்கு ஆராய்ச்சி எதற்கு?' என்றோ, 'நான் பேசாதவள், எனக்கு வழக்கறிஞர் தொழில் ஒத்துவராது' என்றோ தாமே ஒரு கதவைச் சாத்திக்கொள்கிறார். அளவுகோலில் ஒரு புள்ளியைக் காட்டுவது மட்டுமே இச்சொற்களின் வேலை. எந்தக் கதவையும் சாத்தும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை.

இன்று விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னை, திருச்சி, கடலூர், புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைகளில் ரயில்கள் போகின்றன. காட்பாடி செல்லும் பாதையில்தான் திருவண்ணாமலை இருக்கிறது. அங்கே வண்டி மாறும்போது அந்த இருவரையும் நினைத்துப் பாருங்கள். தன் உள்ளத்தில் ஆழ்ந்திருந்த மாணவர் தாம் போக வேண்டிய இடத்தை உறுதியாக அறிந்திருந்தார். வழி மட்டும் தவறாகத் தெரிந்திருந்தது. வெளியே கண் வைத்திருந்த பெரியவர், கேட்காமலே பேச்சுக் கொடுத்து அந்த வழியைத் திருத்தினார். உங்கள் பெட்டியில் பேசாமல் ஒருவர் அமர்ந்திருந்தால் அவரைப் பேசவைக்கப் பாடுபட வேண்டாம். ஆனால் எங்கே போகிறீர்கள் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.